பின்மூடியில் இருந்த இலக்கம்: பழைய சீக்கோ கைமணிக்கூடு ஒன்றைக் கட்டுவதற்காக வாங்கிய விபரம்

வன்னியில், விசுவமடுவில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து கொண்டுவந்தது. அதற்குள் பழைய குடும்ப அட்டைப் பிரதிகள், ஊசி நூல், ஒரு மணிக்கூட்டின் பின்மூடி. மூடி மட்டும்தான். மணிக்கூடு இல்லை.

அது அப்பாவின் சீக்கோ. விசுவமடு இளைஞர் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து மிளகாய் போட்டவர்களில் அவரும் ஒருவர். 1970களின் முதற்பாதியில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்ததால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. அந்தக் காசில் 1973இல், கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் வாங்கினார். 36 வருடம் கட்டினார். 2009 ஏப்ரலில், போரின் கடைசிக் காலத்தில், மாத்தளன் பக்கமிருந்து நெஞ்சளவு தண்ணீரில் நீரேரியைக் கடந்தபோது அம்மம்மாவைத் தாங்கிய கை இடது கை. மணிக்கூடு முழுக்கத் தண்ணீருக்குள். முகாமில் மூன்றாம் நாள் கத்தரிக்கோல் நுனியால் மூடியைத் திருகித் திறந்தார், வெயிலில் காயவைக்கலாமென்று. உள்ளே எல்லாம் மண்ணிறம். இயந்திரம் துருவேறி ஒரே கட்டியாகியிருந்தது. அதை எறிந்துவிட்டு மூடியை மட்டும் வைத்துக்கொண்டார். ஏன் வைத்தாரென்று நான் கேட்டதில்லை.

எனக்கு மணிக்கூடு ஒன்று தேவைப்பட்டபோது புதிது வாங்க மனம் வரவில்லை. அதே இனத்தில் ஒன்று தேடினேன். எட்டு மாதம் பிடித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அல்ல, தினமும் கையில் கட்டிக்கொண்டு திரிய பழைய மணிக்கூடு தேடுகிறவர்களுக்கு இந்த விபரம் உதவும் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

ஏன் பற்றரி இல்லாதது

இது வெறும் ஆசையல்ல. 1990களில் வன்னிக்குள் கொண்டுவர அரசாங்கம் தடைசெய்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. 2002இல் தடை நீங்கும்வரை அப்படித்தான். ஊரில் பற்றரி மணிக்கூடு வைத்திருந்தவர்களுக்கு அது நின்றால் நின்றதுதான். சிலர் நின்ற மணிக்கூட்டையே வளையல்போலக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அப்பாவின் சீக்கோ கையசைவில் ஓடுவது. மண்வெட்டி பிடிக்கிற கைக்கு அசைவுக்குப் பஞ்சமில்லை. வாய்க்கால் முறைத்தண்ணீர் திறக்கிற நேரம் கேட்டுப் பக்கத்து வளவுக்காரர் எங்கள் படலைக்குத்தான் வருவார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த எங்கள் பக்கம் இரண்டையும் ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் முழு நாடும் பழைய நேரத்துக்கே திரும்பும்வரை “பழைய நேரமோ, புது நேரமோ?” என்பது அன்றாடக் கேள்வி. ஏ9 பாதை திறந்தபிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து அரசாங்கப் பக்கமான வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முள்ளைத் திருப்புவார்கள். அப்பா திருப்பவே இல்லை. மனதுக்குள் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்வார்.

மூடி என்ன சொன்னது

சீக்கோவின் பின்மூடியை வாசிக்கத் தெரிந்தால் அது ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரம். எங்கள் மூடியில் உப்பு அரித்த புள்ளிகளுக்கிடையே 6119-8083 என்று இருந்தது. முதல் நான்கு இலக்கமும் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். அடுத்த நான்கும் வெளிக்கூட்டின் எண். அதைவிட வேறாக ஆறு இடங்கள் கொண்ட தொடரிலக்கம் ஒன்று. அதில் முதலாவது இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்ரெம்பர் வரை 1 முதல் 9. மிகுதி மூன்று மாதங்களுக்கும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். எங்களுடையதில் முதலாவது 1, அடுத்தது என். ஆகவே ஒன்றில் முடிகிற ஏதோவொரு வருடத்தின் நவம்பர்.

எந்தப் பத்தாண்டு என்பதைத் தொடரிலக்கம் சொல்லாது. இயந்திரம்தான் சொல்லவேண்டும். 6119 வகை 1960களின் கடைசியில் தொடங்கி 1970களின் நடுப்பகுதியில் வழக்கொழிந்தது. அந்த இடைவெளிக்குள் ஒன்றில் முடிகிற வருடம் 1971 மட்டும்தான். மூடியின் எழுத்தும் அதற்கு ஒத்துவந்தது: 1970 வாக்கில் சீக்கோ ‘தண்ணீர் புகாது’ என்ற பொருள்படும் சொல்லை விட்டு ‘தண்ணீரைத் தாங்கும்’ என்ற சொல்லுக்கு மாறியது. எங்கள் மூடியில் இருப்பது இரண்டாவது சொல். 1971 நவம்பரில் யப்பானில் செய்து, 1973இல் விசுவமடுவுக்கு வந்த மணிக்கூடு. அப்பா சொன்ன கணக்கும் சரியாகவே இருந்தது.

டயலின் நிறத்தில்தான் அவர் பிழைவிட்டார். நீலம் என்று அடித்துச் சொன்னார். கனடாவில் இருக்கும் மாமியிடம் அவரது கலியாணப் படங்கள் இருந்தன. பந்தலடியில் அப்பா தேத்தண்ணித் தட்டோடு நிற்கிற ஒரு கறுப்புவெள்ளைப் படத்தைப் போனில் பிடித்து அனுப்பினா. பெருப்பித்துப் பார்த்தால் டயல் வெளிர் நிறம், கம்பிபோன்ற மணிக்குறிகள். மணிக்கூட்டின் சாவி மூன்று மணிக்கு நேரே இல்லை, நாலு மணிக்கு நேரே பாதி புதைந்து இருந்தது. சீக்கோ 5 என்ற வரிசையின் அடையாளமே அதுதான். 1963இல் அந்த வரிசை வந்தபோது ஐந்து என்ற பெயருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை: தானாகச் சுற்றும் இயந்திரம், ஒரே சாளரத்தில் நாளும் திகதியும், தண்ணீர் தாங்கும் தன்மை, நாலு மணியில் ஒதுங்கிய சாவி, உறுதியான கூடும் பட்டியும். படத்தைப் பார்த்த அப்பா கனநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நீலம் உன்ர சித்தப்பாவின்ர போல” என்றார்.

கைவிட்டவை

முதலில் பார்த்தது கிளிநொச்சியில். 14,000 ரூபா. கடும் பச்சை டயல், பளபளவென்று மினுக்கிய கூடு. போனில் வந்த படத்தில் அழகாகத்தான் இருந்தது. நேரில் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை வைத்தவுடன் வேறு கதை. அச்சு எழுத்துகள் தடித்து, விளிம்பில் மை கசிந்திருந்தது. டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில் இயந்திர எண்ணும் டயல் எண்ணும் இருக்கவேண்டும். அந்த இடம் வெறும் பச்சை. பின்மூடி 7009 என்றது. அந்த இயந்திரம் 17 கல் உள்ளது; சில்லுகளின் அச்சுகள் தேயாமலிருக்க உள்ளே பதிக்கும் சிறு கற்களைச் சொல்கிறேன். டயலோ 21 கல் என்றது. ஒரே மணிக்கூட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று மறுத்துப் பேசின.

இப்படி மறுபூச்சுப் பூசிய டயல்கள் இந்தியாவிலிருந்து ஏராளமாக வருகின்றன. தேய்ந்த டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் நிறம் பூசி, பேரை மறுபடி அச்சடிப்பார்கள். இரண்டு மூன்று மணிக்கூடுகளின் பாகங்களை ஒன்றாக்கியும் விற்பார்கள். அதுவும் ஓடும், நேரமும் காட்டும். பிழைத்தால்தான் கரைச்சல். எந்த மணிக்கூட்டின் பாகத்தைத் தேடுவது என்று திருத்துகிறவருக்கே தெரியாது. இயந்திரத்தைத் துப்பரவு செய்யலாம், கண்ணாடியை மாற்றலாம், பட்டி ஒரு பொருட்டே இல்லை. டயலையும் கூட்டையும் மட்டும் ஒருமுறை கெடுத்தால் பழையபடி ஆக்க ஏலாது. அதனால்தான் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே டயலைப் பார்க்கவேண்டும் என்கிறேன். நான் கண்ட ஆட்களெல்லாம் முதலில் காதில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இந்தியாவின் எச்.எம்.ரி ஜனதா ஒன்றும் கைக்கு வந்தது. யப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் 1961இல் மணிக்கூடு செய்யத் தொடங்கிய அரச நிறுவனம்; மணிக்கூட்டுப் பிரிவை மூட 2016இல் முடிவெடுத்தார்கள். நல்ல பொருள், 17 கல், தினமும் காலையில் சாவி கொடுக்கவேண்டும். எனக்குத் தேவை கையசைவில் ஓடுவது என்பதால் விட்டேன்.

மூன்றாவது, பெயர் தெரியாத சுவிஸ் மணிக்கூடு ஒன்று. முள்ளிலும் இலக்கங்களிலும் கருகிய மண்ணிறப் பூச்சு. 1960களுக்கு முன்னைய ஒளிரும் பூச்சுகளில் ரேடியம் கலந்திருக்கும். இருட்டில் இப்போது ஒளிராது, ஏனென்றால் ஒளிரும் பொருள் தேய்ந்துபோய்விட்டது. ரேடியம் தேயவில்லை, அது பாதியாகக் குறையவே 1,600 வருடம் எடுக்கும். கூடு மூடியிருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. திறந்து சுரண்டினால் அந்தத் தூசு மூச்சோடு உள்ளே போகும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள். தொட்ட கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

மல்லாவி மணிக்கூடு

எட்டாவது மாதம் மல்லாவியில் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். மணிக்கூட்டை ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தார். வெள்ளி நிறம் மங்கி இலேசாகப் பாலாடை நிறத்துக்கு வந்த டயல். கண்ணாடி முழுக்கக் கீறல். செயின் தொய்ந்திருந்தது. அவ்வளவு அழகற்ற ஒன்றைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏனென்றால் ஒருவரும் அதை மினுக்கவில்லை. கூட்டின் விளிம்புகள் கூராகவே இருந்தன. ஆறு மணிக்குக் கீழே சின்ன எழுத்தில் 6119 தெளிவாக இருந்தது. பின்மூடி 6119-8083. தொடரிலக்கம் 3, 6 என்று தொடங்கியது. 1973 ஜூன்.

“ஐயா, இதை எப்பயாவது திறந்து செய்திருக்கிறியளோ?”

“பத்து வருசத்துக்கு மேல. நான் இப்ப கட்டுறேல்லைத் தம்பி. ஒரு பக்கம் கை ஏலாது.”

சாவியை அமுக்கிப் பார்த்தேன். இந்த வகையில் சாவியை அரைவாசி அமுக்கினால் திகதி மாறும். முழுதாக அமுக்கினால் நாள் மாறும். திகதி சுகமாகத் தாண்டியது. நாள் அசையவில்லை. பகலில்தான் இதைப் பார்க்கவேண்டும்: இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்குமிடையே நாள் சில்லு தானாகத் திரும்பும் வேலையில் இருக்கும், அந்நேரம் அமுக்கினால் பல்லு உடையலாம். அந்தக் குறையை அவருக்கு மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டது 22,000. நாள் சில்லைக் காட்டி 19,000 என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“கொண்டுபோய் மூண்டு நாள் வைச்சுப் பாருங்கோ. மனம் பிடிச்சா காசைக் கொண்டாங்கோ.”

ஒரு துண்டுக்கடதாசியில் என் பெயரைக்கூட எழுதச் சொல்லவில்லை.

மூன்று நாளும் ஒரு கொப்பியில் குறித்தேன். போனின் நேரத்துக்குச் செக்கன் பிசகாமல் வைப்பது இந்த இயந்திரத்தில் கடினம், சாவியை இழுத்தாலும் செக்கன் முள் நிற்காது. அதனால் செக்கன் முள் 12ஐக் கடக்கும்போது போன் என்ன காட்டுகிறது என்று எழுதி, அடுத்த நாள் அதே நேரம் திரும்ப எழுதினேன். முகம் மேலே பார்க்க வைத்த 24 மணித்தியாலத்தில் 25 செக்கன் கூடியது. சிறிது நேரம் கையில் கட்டி முறுக்கேற்றியபின், சாவி கீழே இருக்கும்படி நிறுத்திவைத்த 24 மணித்தியாலத்தில் 50 செக்கன் குறைந்தது. இந்த வித்தியாசம்தான் கவனிக்கவேண்டியது. எந்நிலையிலும் ஒரே அளவு பிந்தினால் உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பைச் சற்றே தள்ளிச் சரிசெய்யலாம். படுக்கையில் முந்தி நிற்கையில் பிந்தினால் உள்ளே பலன்ஸ் சில்லு, அதாவது இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கிற சில்லு, சோர்ந்து ஆடுகிறது. அநேகமாக எண்ணெய் காய்ந்திருக்கும். பிறகு ஒரு பகல் முழுக்கக் கட்டிவிட்டுக் கழற்றி வைத்தேன். 31 மணித்தியாலம் ஓடி நின்றது. நல்ல நிலையில் 40 மணித்தியாலமளவு ஓடவேண்டும். எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டின.

நாலாம் நாள் மல்லாவிக்குப் போய் 19,000ஐக் கொடுத்தேன். துப்பரவுச் செலவையும் விலையோடு சேர்த்தே மனதில் கணக்குப் போட்டிருந்தேன். ‘நல்லா ஓடுது’ என்று யாராவது சொன்னாலும் இந்த வயது மணிக்கூட்டுக்கு அந்தச் செலவு இருக்கிறது. காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் உருக்கை உருக்கு தின்னும்.

வவுனியாவில் திறந்தது

வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு படிக்கட்டின் கீழே கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குப் பின்னால் இருந்து வேலை செய்கிற ஐயாவிடம் கொண்டுபோனேன். ஒற்றைக் கண்ணில் கண்ணாடியை மாட்டி, மூடியைத் திருகி, மேசை விளக்குக்குக் கீழே பிடித்தார். நான் பெட்டியின் மேலால் எட்டிப் பார்த்தேன். அரைவட்டப் பாரம் ஒன்று மெல்ல ஊஞ்சலாடியது. அதற்குக் கீழே இரண்டு கால் கொண்ட ஒரு சின்ன நெம்பு. பாரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கால் பல்லைத் தள்ள, மற்றக் கால் இழுக்க, இரண்டு திசை அசைவும் சுருள்வில்லுக்கு முறுக்காகிறது. 1959இல் சீக்கோ கொண்டுவந்த ஏற்பாடு. ‘மந்திர நெம்பு’ என்று அவர்களே பெயர் வைத்தார்கள். மண்வெட்டியோடு அப்பாவின் கை போய்வந்த இரண்டு பக்கமும் வீண்போகாததற்கு அந்த நகத்துணுக்களவு உருக்குத்தான் காரணம்.

“துருப் பிடிக்கேல்லை. எண்ணெய் பிசினாப் போச்சு, அவ்வளவுதான்” என்றார். பிறகு கழற்றிய மூடியின் உட்பக்கத்தைச் சாய்த்துக் காட்டினார். அரைவட்டமாக ஒரு மெல்லிய உரசல் கோடு. “பாரம் தொட்டுத் தொட்டு ஓடியிருக்கு. பெயாரிங் கொஞ்சம் தேஞ்சிட்டுது. இப்ப பறவாயில்லை. சத்தம் வந்தாக் கொண்டாரும்.” இயந்திரத்தின் பாகங்களைப் பிடித்திருக்கும் பாலம் என்ற தகட்டில் 6119 என்ற எண்ணும் 21 கல் என்ற சொல்லும் பொறித்திருந்தன. டயலும் மூடியும் இயந்திரமும் ஒரே சொல்லுச் சொல்லின.

அப்போதுதான் சேட்டுப் பொக்கற்றிலிருந்து அப்பாவின் மூடியை எடுத்தேன். அன்று காலை ரின்னைத் திறந்து அதை எடுக்கும்போதே எனக்குள் ஒரு ஆசை. அதே 8083 கூடு, அதே புரி, பூட்டினால் பொருந்தும். மல்லாவி மணிக்கூட்டுக்கு அப்பாவின் மூடி.

ஐயா வாங்கி, புரிக்கு உட்புறமாக றப்பர் வளையம் அமரும் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டினார். நகம் தடக்கித் தடக்கி நின்றது.

“கடல் தண்ணியோ?”

“நீரேரி, ஐயா.”

மேலே ஒன்றும் கேட்கவில்லை. “உப்பு குழி குழியாத் திண்டிருக்கு. துருப்பிடியா உருக்கெண்டாலும் உப்புக்கு நிக்காது. வளையம் இதில அமராது தம்பி. கிணத்தடியில நிண்டாலே உள்ளுக்கை நீராவி பிடிக்கும். பூட்டட்டோ?”

எட்டு மாதமாக நான் செய்துவந்ததை நினைத்தேன். முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் வேறொன்றும் சொன்னதற்காக ஒரு மணிக்கூட்டைக் கிளிநொச்சியில் திருப்பிக் கொடுத்தவன் நான். இதைப் பூட்டினால் 1973 ஜூன் மணிக்கூடு 1971 நவம்பர் என்று சொல்லும். எனக்குப் பிறகு இதைத் திறக்கிறவருக்கு எது உண்மை என்று எப்படித் தெரியும்? வேண்டாம் என்றேன். அதை அதே கடதாசியில் சுற்றித் தந்தார்.

துப்பரவு, எண்ணெய், புது வளையம், புதுக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் 6,500 ரூபா. பழைய கண்ணாடி மினரல் வகை. பிளாஸ்ரிக் என்றால் கீறலைத் தேய்த்தே எடுத்திருக்கலாம், இதை மாற்றத்தான் வேண்டும். நாள் சில்லுக்கு இன்னும் பாகம் கிடைக்கவில்லை. மணிக்கூடு நின்றுபோனால் முள்ளைச் சுற்றிச் சுற்றித்தான் நாளைப் பிடிக்கவேண்டும், ஆகவே நிற்கவிடுவதில்லை. எந்நிலையில் வைத்தாலும் நாளொன்றுக்கு 10 முதல் 15 செக்கன் வரை முந்துகிறது. இந்த வயதுக்கு அது மிக நல்ல கணக்கு. மூடியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீருக்குக் கொண்டுபோவதில்லை. கிணற்றுக் கட்டுக்கு ஏறமுன் கழற்றி வேலிக்கப்பில் மாட்டிவிடுவேன். மாரி தொடங்கினால் வயலுக்கும் கட்டுவதில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோன அன்று பின்னேரம் அப்பா அதை இடது கையில் கட்டிக்கொண்டு கிணற்றடி, மாட்டுக்கொட்டில், படலை என்று ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து கழற்றித் தந்தார். “பாரம் சரி” என்றார்.

இரவு ரின்னைத் திறந்து பழைய மூடியைத் திரும்ப வைத்தேன். அதோடு ஒரு கொப்பித்தாளும்: 6119-8083, 1973 ஜூன், மல்லாவியில் வாங்கியது, வவுனியாவில் திறந்து எண்ணெய் விட்ட திகதி, பெயாரிங் தேய்வு, நாள் சில்லு வேலை செய்யாது.